ரவாங்கில் விளக்கேற்றிய தம்புசாமி பிள்ளை

மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் போன் செய்தார்கள். குன்றத்தூர்க்காரனாச்சே, சேக்கிழார் பெருமானைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். அதற்குத் தமிழ்த் துறையில் படித்த நம் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் இயற்பியல் பிரிவு, 1977-80. எனக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம் மோட்டார், கொஞ்சம் ஸ்டாம்பு, அவ்வளவுதான். இந்த இரண்டும் சேர்ந்து என்னை ஒரு மனிதரிடம் கொண்டுபோய் விட்டன. அவர் பெயர் கோலாலம்பூர் தம்புசாமி பிள்ளை. 1850ல் பிறந்து 1902ல் மறைந்தவர். மலேசியத் தமிழர்களிடம் அவரைப் பற்றி அறிமுகம் செய்யவே வேண்டாம். பத்துமலை முருகன் கோயிலை உண்டாக்கியவர் என்றால் நம்மவர்களுக்கும் ஓரளவு பிடிபடும்.

முதலில் ஸ்டாம்புக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் பிள்ளையவர்கள் எனக்கு எப்படிக் கிடைத்தார் என்பது விளங்காது.

என் பாட்டிக்கு ஒரே அண்ணன். 1928ல் மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர். ஈயக் கம்பத்தில் வேலை என்பதுதான் வீட்டுக்குத் தெரிந்த விலாசம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வரும், கூடவே கொஞ்சம் பணமும் வரும். யுத்த காலத்தில் நின்றது, பிறகு மறுபடி வந்தது, 1958க்கு அப்புறம் அடியோடு நின்றுவிட்டது. அந்தக் கடைசிக் கடிதத்தைக் கவரோடு பாட்டி தன் டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தரம் எடுத்துத் தடவிப் பார்த்து வைப்பாள்.

1978 கோடை விடுமுறை. நம் ஹாஸ்டலில் அப்போது ஸ்டாம்பு சேர்க்கும் பைத்தியம் பலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். வீட்டுக்கு வந்தவன் பெட்டியைக் குடைந்தேன். கவரில் ஒரு மலாயா ஸ்டாம்பு. உடனே கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, கவரை ஊறப்போட்டு, தலையைப் பூப்போல உரித்து எடுத்தேன். மிச்சக் காகிதம் விறகடுப்பில் போனது. கடிதத்தின் மேலே தேதி மட்டும்தான் இருந்தது, ஊரின் பெயர் கவரின் பின்பக்கத்தில் இருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. பாட்டி திட்டவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஸ்டாம்பு சேர்க்கும் இன்றைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், பழைய கவரைத் தண்ணீரில் போடுவதற்கு முன் நாலு தரம் யோசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கவரில் விலாசம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, போன தடம் இருக்கிறது. தலை மட்டும் என்றால் அது வெறும் படம்.

என் கையில் மிஞ்சிய படம் என்னவென்றால், ஒரு குட்டையில் மிதக்கிற பெரிய இரும்புக் கொட்டகை. அதுதான் டிரெட்ஜர், வெள்ளீய மண்ணை வாரும் கப்பல். மலாயாக் கூட்டரசு 1957 மே மாதம் நாலு தலைகள் கொண்ட ஒரு தொடர் வெளியிட்டது. ரப்பர் பால் எடுப்பது, அரசுச் சின்னம், ஈயக் கப்பல், நாட்டின் வரைபடம். சுதந்திரம் வந்தது ஆகஸ்ட் 31ல் என்பதால், வெள்ளைக்காரன் காலத்துக் கடைசித் தலைகளில் இதையும் சேர்க்கலாம்.

அதற்குப் பிறகு இந்தச் சுரங்கத் தலைகளையே தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்தேன். காலனி காலத்தில் இது ஒரு தனி ஜாதி. நைஜீரியாவின் 1936 தொடரில் ஒன்றரைப் பென்னித் தலையில் இதே மாதிரி ஈயக் கப்பல், மூலையில் ஐந்தாம் ஜார்ஜ். பிரிட்டிஷ் கயானாவின் 1934 தொடரில் ஆற்று மண்ணில் தங்கம் அலசுகிறார்கள். கோல்டு கோஸ்ட் 1948ல் என்சூட்டா மாங்கனீஸ் சுரங்கத்தைப் போட்டது. தன் சீமையில் என்ன கிடைக்கிறது, எதை வெட்டி எடுக்கிறோம் என்று ராஜா தலையோடு சேர்த்துக் காட்டிய விளம்பரங்கள்தான் இவை. நம் நாட்டில் மட்டும் அப்படி எதுவும் வரவில்லை. 1937ல் வந்த ஆறாம் ஜார்ஜ் தொடரில் தபால்காரன், மாட்டுவண்டி, ஒட்டகம், ரயில், விமானம் எல்லாம் உண்டு. ஆயிரக்கணக்கான தமிழர்கள் உயிரைக் கொடுத்துத் தோண்டிய கோலார் தங்கவயல் இல்லை. ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை நான் காலியாகவே விட்டிருக்கிறேன்.

சரி, முத்திரைக்கு வருகிறேன். என் மலாயாத் தலையின் மேல் வட்ட முத்திரையின் கால் பாகம்தான் விழுந்திருந்தது. ஆங்கிலத்தில் கடைசி நாலு எழுத்து, வாங் என்று. யாரோ சீனரின் பெயராக்கும் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய், நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிய பிறகு ஒரு நாள் மலாயா வரைபடத்தை விரித்து வைத்துத் தேடியபோதுதான், கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங் கண்ணில் பட்டது. பழைய ஈய ஊர். அந்த ஊரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே வந்து நின்றவர் தம்புசாமி பிள்ளை. தாத்தாவைத் தேடிப் போனேன், கிடைத்தவர் இவர்.

பிள்ளையவர்கள் சிங்கப்பூரில் பிறந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய குடும்பம். தகப்பனார் பெயர் காயாரோகணம். இது நாகப்பட்டினத்துச் சிவபெருமானின் பெயர் என்பது சேக்கிழார் ஊர்க்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. படித்தது ராஃபிள்ஸ் பள்ளியில். ஆங்கிலம் கைவந்தவுடன் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்ற வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கேதான் அவர் தலையெழுத்து மாறியது. 1875ல் டேவிட்சனை சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமித்தார்கள். அவர் போகும்போது இந்த இருபத்தைந்து வயதுக் குமாஸ்தாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

சிலாங்கூர் அப்போது என்ன லட்சணத்தில் இருந்தது என்று நினைத்துப் பார்க்கவேண்டும். உள்நாட்டுச் சண்டை ஓய்ந்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கிள்ளான்தான் தலைநகர். கோலாலம்பூர் என்பது ஆற்றோரத்தில் அத்தாப்புக் கூரை போட்ட ஒரு சீனர் சுரங்க முகாம். பிள்ளையவர்கள் கஜானாவில் வேலை பார்த்தார். 1880ல் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியபோது அவரும் மாறினார். தலைமைக் குமாஸ்தா ஆனார், மாநிலப் பொருளாளர் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்தும் பார்த்தார். வெள்ளைக்காரனைத் தவிர வேறு யாரும் உட்காராத நாற்காலி அது.

அவர் சர்க்கார் உத்தியோகத்தில் செய்த ஒரு காரியத்தைப் பற்றி மலர்களிலும் மேடைகளிலும் ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள். ரயில் பாதை, டெலிபோன் வேலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. கூலியாட்களைத் திரட்டி வரும்படி பிள்ளையவர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவரும் வந்து, ஆள் சேர்த்துக் கப்பல் ஏற்றினார். கோலாலம்பூர் – கிள்ளான் ரயில் 1886ல் ஓட ஆரம்பித்தது. காட்டை வெட்டி, சதுப்பைத் தூர்த்து, மலேரியாவில் மடிந்து அந்தத் தண்டவாளங்களைப் போட்டவர்களில் நம் ஜனங்கள் எத்தனையோ பேர். தமிழ் பேசும் ஒருவர் வந்து கூப்பிட்டார் என்பதால்தானே நம்பிப் போயிருப்பார்கள்? இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோயில் கட்டியதை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவதும் நியாயமில்லை. இப்போது எங்கள் குன்றத்தூரில் தெருவுக்குத் தெரு வாடகை அறைகள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்கு வந்த ஒரிசா, பீகார்ப் பையன்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்று இருக்கிறார்கள். அவர்களையும் அவர்கள் பாஷை பேசும் யாரோ ஒருவர்தான் கூட்டி வந்திருக்கிறார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி வரும் அந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1928 ஞாபகம் வரும்.

உத்தியோகத்தை விட்டு விலகிய பிறகு பிள்ளையவர்கள் வியாபாரத்தில் இறங்கினார். காப்பித் தோட்டம் போட்டார். கூட்டாளியாகக் கிடைத்தவர் லோக் யூ. பதின்மூன்று வயதில் சீனாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, கடைப் பையனாக இருந்து, பிற்பாடு அபின், சாராயக் குத்தகை, சுரங்கம் என்று மலாயாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவரானவர். ஒரு தமிழரும் ஒரு சீனரும் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார்கள்.

இயற்பியல் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகவேண்டும்.

ஈயம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் இது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது, பாட்டி ரசம் வைக்கும் ஈயச்சொம்பு, பிஸ்கட் டின்னின் மேல்பூச்சு எல்லாம் இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. கோலார் மாதிரி பாறையைக் குடைந்து பாதாளத்தில் இறங்கும் வேலை இல்லை. தாது, மலையிலிருந்து அடித்து வந்து பள்ளத்தாக்கு மண்ணில் படிந்து கிடக்கும். மேல்மண்ணை வெட்டி அப்புறப்படுத்தி, கீழே உள்ள தாது மண்ணை அள்ளி, மரக் கால்வாயில் தண்ணீர் விட்டு அலசினால் மணல் ஓடிவிடும், கனமான தாது தங்கிவிடும். சுலபம்தான். ஆனால் குழி ஆழமாக ஆக ஊற்றுத் தண்ணீர் பெருகும். மலாயா மழையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராத்திரி பெய்தால் காலையில் சுரங்கம் இருக்காது, ஏரிதான் இருக்கும். ஆக, அந்தக் காலத்துச் சுரங்க முதலாளியின் முதல் எதிரி தண்ணீர்தான். தண்ணீரை இறைக்கத் தெரிந்தவன் ஆழமாகப் போகலாம், தெரியாதவன் பாதியில் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

சீனர்கள் மரச் சங்கிலி ஏற்றம் வைத்து இறைத்தார்கள். நம் ஊர்க் கவலை, ஏற்றத்துக்கு அது தூரத்துச் சொந்தம். அப்புறம் நீராவி எஞ்சின் வந்தது. நீராவிக்கு விறகு வேண்டும். சுற்றுவட்டாரத்துக் காடெல்லாம் கொதிகலனுக்குள் போனது. காடு தூரம் போகப் போக விறகு விலை ஏறியது. இந்தச் சந்தர்ப்பத்தில்தான் 1894ல் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் ரவாங்கில் ஒரு மின்சார ஜெனரேட்டரை நிறுவி, தங்கள் சுரங்கத்தில் மின்சாரத்தில் பம்பு ஓட்டினார்கள். மலாயாவில் மின்சாரம் என்பதே முதன்முதலாகப் புகுந்தது அந்த ஊரில்தான், அந்தச் சுரங்கத்தில்தான். கோலாலம்பூருக்குக்கூட அப்புறம்தான் வந்தது.

இதன் பெருமை புரியவேண்டுமானால் நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்கவேண்டும். கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் போனது 1902ல். ஜான் டெய்லர் கம்பெனியின் மூலதனமும் மைசூர் சமஸ்தானத்தின் முயற்சியும் சேர்ந்து செய்த பெரிய காரியம், தூரமும் அதிகம், சந்தேகமில்லை. அதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே ஒரு முன்னாள் கஜானாக் குமாஸ்தாவும் ஒரு முன்னாள் கடைப் பையனும் சேர்ந்து, காட்டு ஊரில், சொந்தப் பணத்தைப் போட்டு மோட்டார் ஓட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்க ஆள் எங்கே, உதிரிப் பாகம் எங்கே என்றெல்லாம் யோசித்தால், முப்பது வருஷம் மோட்டாரோடு மாரடித்த எனக்கே மலைப்பாக இருக்கிறது.

சம்பாதித்ததை என்ன செய்தார் என்பதுதான் மலேசியத் தமிழர் இன்றும் சொல்லும் பகுதி. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில் அவரும் அவர் குடும்பத்தாரும் வளர்த்தது. 1885ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1890 முதல் நகரச் சுகாதாரக் குழுவில் அங்கத்தினர். 1893ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்ற பள்ளியைத் தொடங்கியபோது ஸ்தாபகர்களில் ஒருவராகவும் தர்மகர்த்தாவாகவும் இருந்தார், லோக் யூவும் கூடவே இருந்தார். மலாயாவின் பேர்போன பள்ளிகளில் அது ஒன்று. பிள்ளையவர்களுக்குக் குதிரைப் பந்தயத்திலும் பிரியம் உண்டு. தர்மகர்த்தாவும் அவரே, பந்தயக்காரரும் அவரே. சேக்கிழார் பாடிய அடியார் வரிசையில் வைக்கமுடியாது, ஆனால் மனுஷன் என்றால் அப்படித்தானே.

கோலாலம்பூருக்கு வடக்கே சுண்ணாம்புப் பாறைக் குன்று. அதில் பெரிய பெரிய குகைகள். 1878ல் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கை ஆராய்ச்சியாளர் அவற்றைப் பற்றி வெளியுலகுக்குச் சொன்னார். அதுவரை அங்கே போனவர்கள் வௌவால் எச்சத்தை உரத்துக்கு அள்ளியவர்களும் காட்டுவாசிகளும்தான். குகையின் வாய் வேல் மாதிரி இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையவர்களுக்கு அங்கே முருகனை வைக்கத் தோன்றியது என்று சொல்வார்கள். 1891ல் பிரதிஷ்டை நடந்தது. அடுத்த வருஷமே தைப்பூசம். ஸ்டாம்புக்காரன் புத்தி எனக்கு எங்கே போகும்? அதே 1891ல்தான் சிலாங்கூர், தனக்கென்று படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. அதில் இருப்பது தாவும் புலி. சிலாங்கூரே ஈயத்தில்தான் வாழ்ந்தது, தலையில் மட்டும் புலி!

மரப்படி 1920ல் வந்தது, கான்கிரீட் படி அதற்குப் பின்னால். மொத்தம் 272 படிகள். 2006ல் நிறுவிய 42.7 மீட்டர் முருகன் சிலையைப் போட்டோவில் பார்க்காதவர்கள் குறைவு. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் கூடும் கூட்டத்தில் பெரும்பாலோர் அன்றைக்குக் கப்பல் ஏறினவர்களின் பேரன் பேத்திகள். கூட்டி வந்தவரே கும்பிட ஓர் இடமும் செய்து கொடுத்தார் என்று சிலர் கணக்கை நேர் செய்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை. ஆனால் அந்த இடம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று யோசிக்கும்போது வாய் அடைத்துப் போகிறது.

1902ல் பிள்ளையவர்கள் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. கோலாலம்பூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. லோக் யூ 1917 வரை இருந்தார்.

என் தலையில் உள்ள ஈயக் கப்பலைப் பிள்ளையவர்கள் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். டிரெட்ஜர் மலாயாவுக்கு வந்ததே அவர் போய்ப் பத்து வருஷம் கழித்து. அது வந்ததும் பழைய பிரச்னை தலைகீழாகிவிட்டது. தண்ணீரை இறைத்து வெளியேற்றுவதற்குப் பதிலாக, குழியில் தண்ணீரை நிரப்பி அதிலேயே கப்பலை மிதக்கவிட்டு, வாளிச் சங்கிலியால் அடிமண்ணை வாரி, உள்ளேயே அலசி, மணலைப் பின்னால் கொட்டிக்கொண்டே முன்னால் நகர்ந்தார்கள். ஆனால் கப்பல் வாங்க லட்சக்கணக்கில் முதல் வேண்டும். அது லண்டன் கம்பெனிகளிடம் இருந்தது. தம்புசாமி – லோக் யூ மாதிரி கூட்டாளிகளின் காலம் அதோடு போயிற்று. 1985ல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை விழுந்தபோது கப்பல்களின் காலமும் போயிற்று. 1938ல் கட்டிய ஒரு கப்பலைப் பேராக்கில், தஞ்சோங் துவாலாங்கில், காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 4,500 டன் எடை. என் ஸ்டாம்பில் அது கட்டைவிரல் நகம் அளவு. அதன் மேல்தளத்தில் ஆள் யாராவது நிற்கிறார்களா என்று பூதக்கண்ணாடி வைத்து எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

2014ல் நானும் வீட்டுக்காரியும் பத்துமலைக்குப் போனோம். எங்கள் குன்றத்தூர் மலைக்கு 84 படி. அந்தப் பழக்கத்தில் 272ஐ இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறிவிட்டேன். மறுநாள் ரவாங். பழைய கடைத்தெருவில் டீ குடித்தோம். எந்த இடத்தில் அந்த ஜெனரேட்டர் இருந்தது, எந்தக் குட்டையில் தாத்தா வேலை பார்த்தார் என்று கேட்க யாரும் அகப்படவில்லை. போஸ்டாபீசில் ஒரு தலை வாங்கி, எனக்கே ஒரு கவர் எழுதிப் போட்டுக்கொண்டேன். குன்றத்தூருக்கு ஒன்பதாம் நாள் வந்தது. முழு வட்டமாக முத்திரை விழுந்திருந்தது. அதை உரிக்கவில்லை.

சந்திப்பு நாளன்று ஆல்பத்தைக் கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் கூடத்தில் இருப்பேன். நம் பழைய மாணவர்களில் மலேசியாவில் குடியேறியவர்கள், அல்லது சிலாங்கூர்ப் பக்கம் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும். 1958ல் ரவாங் வட்டாரத்து ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்த, குன்றத்தூர்ப் பக்கத்துப் பெரியவர். பெயரும் தகப்பன் பெயரும் நேரில் சொல்கிறேன். அவர் கையெழுத்தில் உள்ள அந்தக் கடைசிக் கடிதமும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.